நாலாம் இடத்தின் பதில்

1

சென்ற செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, டெரெக் என்ற டாக்ஸி ஓட்டுநர் நான் வேலை செய்யும் அறையின் கதவை எட்டி உதைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என் மேசையில் இருந்த மைக்கைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அதன் மூடி தெறித்து என் மடியில் விழுந்தது.

காரணம் சின்னது. லெஸ்டர் ரயில் நிலையத்தில் ஒரு மூதாட்டியை ஏற்றிக்கொள்ளும்படி அவருக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தேன். அவர் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. காரில் உள்ள கருவியின் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினார். என் பக்கம் 'டக், டக்' என்று கேட்டது. 'கேட்டுவிட்டது, போகிறேன்' என்று அதற்குப் பொருள். இங்குள்ள ஓட்டுநர்கள் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அந்தச் சவாரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

"நான் பதில் சொன்னேன்," என்று டெரெக் கத்தினார்.

"பொத்தான் சொன்னது. நீங்கள் சொல்லவில்லை."

"எட்டு வருஷமாக இப்படித்தான் சொல்கிறேன்."

"என்னிடம் சொல்வதாக இருந்தால் வாயால் சொல்லுங்கள்."

அவர் என் நிறத்தைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். ஈப்போவில் இந்தப் பத்திரிகையை வாசிக்கும் நீங்களும் அதே வார்த்தையை வேறு மொழியில் கேட்டிருப்பீர்கள். முதலாளி வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார். பிறகு என்னிடம் திரும்பி வந்து, "இரண்டு தட்டு போதாதா உனக்கு? எல்லா டாக்ஸி ஆபீசிலும் அது போதும்," என்றார்.

போதாது என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. ஏழு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை. என் கணவருக்கும் தெரியாது. கோப்பெங் கல்லுமலையில் என்னோடு வேலை செய்த அந்தோணி செத்த நாளும் அதே வாரத்தில்தான் வந்தது. இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா பால்மரம் வெட்டிய உளியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஈப்போவில் உள்ள புந்தோங்குக்கு வந்தார். அங்கே ஒரு மரக்கிடங்கில் பலகை தூக்கினார். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஐந்தாம் படிவம் முடித்த முதல் ஆளும் நான்தான். என் சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எந்தக் கடவுளுக்கும் இல்லாத அளவுக்கு அதற்கு ஊதுபத்தி கிடைத்தது.

அந்தச் சான்றிதழை வைத்துத்தான் கோப்பெங்குக்கு அப்பால் ஒரு கல் குவாரியில் எனக்கு வேலை கிடைத்தது. அப்போது எனக்கு இருபது வயது. சுண்ணாம்பு மலையை வெடி வைத்துப் பிளந்து, கல்லை அரைத்து, லோரியில் ஏற்றி அனுப்பும் இடம். முதலாளியான தவுக்கே புதிதாக ஆறு வாக்கி-டாக்கி வாங்கியிருந்தார். அதுவரை மலையில் ஆளுக்கு ஆள் கூவிக் கூவித்தான் வேலை நடந்தது. கூவியது கேட்காமல் ஒருவருக்குக் கால் போயிருந்தது. ஆறு செட்டில் ஒன்று ஆபீசில் என்னிடம். ஒன்று மலைமேல் வெடி வைக்கும் வேலு அண்ணனிடம். மீதி நாலும் நாலு காவல் இடங்களில். முதல் இடம் கல் அரைக்கும் மெஷின். இரண்டாவது சாமான் ஸ்டோர். மூன்றாவது லோரிச் சாலை. அங்கே லோரிக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த சூசை அண்ணன். நாலாவது இடம், ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய பழைய லம்பக் குளத்துப் பாதை. சூசையின் தம்பி அந்தோணி அங்கே சிவப்புக் கொடியோடு நிற்பான். அவனுக்கு என் வயதுதான்.

வெடிக்கு முன்னால் நான் நாலு இடத்தையும் வரிசையாகக் கூப்பிட வேண்டும். ஒவ்வொருவரும் தம் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தையும் பதிலையும் பெரிய நோட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நாலு பதிலும் வந்த பிறகுதான் வேலு அண்ணனுக்கு 'போடலாம்' என்று சொல்வேன். ஒரு பதில் குறைந்தாலும் வெடி இல்லை. இது குவாரியில் ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரிந்த சட்டம்.

எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் ஐந்து பேருக்கும் கேட்கும். சேர்ந்த முதல் வாரம் நான் அந்தச் செட்டில் கேட்டதை எந்தப் பெண்ணும் கேட்டிருக்க மாட்டாள். மெஷின்காரர் கெண்டனீசில் ஒருவரின் தாயை இழுப்பார். ஸ்டோர்காரர் மலாயில் திருப்பிக் கொடுப்பார். நடுவில் தமிழ்.

"சூசை, உன் லோரி என்னா மச்சான், பிரசவத்துல கெடக்கிற எருமை மாதிரி கத்துது."

"ஒங்கப்பன் அதுக்குள்ள படுத்திருக்கான், அதான்."

"மேல வா, பல்லக் கழட்டிக் கையில குடுக்கிறேன்."

செட்டில் பேசியது மாலையில் லோரிச் சாலையில் கைகலப்பாக முடியும். ஒரு தடவை மெஷின்காரரின் காதை ஒருவர் கடித்து ரத்தம் வரவழைத்துவிட்டார். எல்லாரும் கேட்க ஒருவனைத் திட்டினால், அவன் எல்லாரும் பார்க்க அடிக்காமல் தீராது. கூவிய காலத்தில் இந்தச் சண்டை கிடையாது. கூவியதைக் காற்று கொண்டுபோய்விடும்.

அந்தோணி மட்டும் சண்டை போடமாட்டான். அவனுக்கு விளையாட்டு.

"நாலாம் எடம் பேசுது, கிராணியம்மா. இங்க ஒரு விரால் மீன் கரையேறி வந்து பாஸ் கேக்குது. விடவா, வேணாமா? ஓவர்."

மலை முழுக்கச் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்தவர்கள், குமாஸ்தா வேலை பார்க்கும் என்னைக் கிராணி என்று கேலி செய்கிறார்கள் என்று தோன்றும். நான் ஆங்கில நோட்டும் மசிப் பேனாவும் வைத்திருப்பவள். ஒழுங்கை நான் கொண்டுவருகிறேன் என்று முடிவு செய்தேன்.

ஒரு திங்கட்கிழமை செட்டில் அறிவித்தேன். "இன்னிலேர்ந்து வேலைப் பேச்சு மட்டும்தான். வேற எது பேசுனாலும் பேசுனவங்க பேரோட இந்த நோட்டுல எழுதுவேன். தவுக்கே சனிக்கெழம படிப்பாரு. கூப்பிட்டு ஒரு நிமிசத்துல பதில் வரலன்னா 'பதில் இல்லை'ன்னு எழுதுவேன். மூனு தடவ அப்படி வந்தா வேலைய விட்டு நிறுத்திருவாங்க."

 சூசை அண்ணனின் குரல் வந்தது. "சரிங்க டீச்சர்."

சொன்னபடி எழுதினேன். விரால் மீனையும் எழுதினேன். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று யோசித்து அழகாக எழுதினேன். தவுக்கே அந்தோணியைக் கூப்பிட்டு ஆபீஸ் வாசலில், என் கண்ணெதிரே, அவன் பின்னந்தலையில் தட்டினார். அந்தோணி என்னைப் பார்க்காமல் போனான்.

அதற்கப்புறம்தான் தட்டு ஆரம்பித்தது. நான் கூப்பிட்டால் யாரும் பேசுவதில்லை. பொத்தானை இரண்டு தடவை அமுக்குவார்கள். டக், டக். அதுதான் பதில். பேசினால்தானே எழுதுவாள், அமுக்கினால் என்னத்தை எழுதுவாள் என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிவைத்துக்கொண்டார்களாம். நான் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. பேட்டரியும் மிச்சம். தவுக்கே என் நோட்டைப் புரட்டிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். இரண்டு தட்டு வந்ததும் என் அழகான கையெழுத்தில் 'கிளியர்' என்று எழுதுவேன். வாய் சொன்னதா, விரல் சொன்னதா என்று நோட்டில் தெரியாது.

3

அன்று வெடி பகல் பன்னிரண்டரைக்கு. அந்தோணியின் பெயரில் ஏற்கெனவே இரண்டு 'பதில் இல்லை' இருந்தது. இரண்டும் பேட்டரி இறங்கியதால் வந்தவை. காரணம் எழுத நோட்டில் இடமில்லை என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கூப்பிட ஆரம்பித்தேன். முதல் இடம், டக், டக். இரண்டாவது இடம், டக், டக். மூன்றாவது இடம். சூசை அண்ணன் அமுக்கினார். அவர் அமுக்கும்போது அந்தக் கண நேரத்துக்குள் அவருடைய லோரி எஞ்சின் உறுமுவது சேர்ந்து கேட்கும். அந்த லோரியை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பாடு என்று அவர் அணைப்பதே இல்லை.

"நாலாம் எடம்."

ஒன்றும் வரவில்லை.

"நாலாம் எடம், பதில் சொல்லுங்க."

மேசைமேல் தொலைபேசி அடித்தது. டவுன் ஆபீசிலிருந்து தவுக்கே. "மகேஸ், சுடா? எல்லாரும் சுடா?" என்றார். முடிந்ததா என்று கேட்கிறார். கல்லுக்கு லோரிகள் காத்து நின்றன. "ஒரு நிமிசம் தவுக்கே," என்றேன். கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தெட்டு.

டக், டக்.

அந்த இரண்டு தட்டுக்குள்ளும் எஞ்சின் உறுமியது.

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. அப்போது எனக்கு இரண்டு காதும் இருந்தன. நாலாம் இடத்தில் லோரி போக வழியே கிடையாது; அங்கே குளமும் புல்லும்தான். அது எனக்குத் தெரியும். ஒரு கையால் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுகையால் எழுதினேன்: நாலாம் இடம், கிளியர். வேலு அண்ணனுக்குச் சொன்னேன், போடலாம். சைரன் மூன்று முறை அலறியது.

மலை எழும்பி விழுந்தது. எத்தனையோ வெடி கேட்டவள் நான். ஜன்னல் கண்ணாடி அதிரும், மேசைமேல் வெள்ளைத் தூசி படியும், முடிந்தது. அன்று தூசி அடங்கும் முன்னால் ஒரு மனிதக் குரல் கேட்டது. அது நெடுநேரம் நீடிக்கவில்லை.

அந்தோணியின் பேட்டரி செத்திருந்தது. நான் கூப்பிட்டது அவன் காதில் விழுந்திருக்கிறது; பதில் சொல்லத்தான் செட்டுக்கு வலுவில்லை. மூன்றாவது தடவையும் பெயர் ஏறிவிடுமே என்று, பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மாற்றி வாங்க ஸ்டோருக்கு ஓடியிருக்கிறான். பாதையைச் சுற்றி ஓடினால் பத்து நிமிடம். மலையின் அடிவாரத்தை ஒட்டி ஓடினால் மூன்று நிமிடம். அவன் அடிவாரத்தை ஒட்டி ஓடினான். சைரன் அலறியபோது நடு வழியில் இருந்திருப்பான். அவன் முட்டாள் இல்லை. நாலாம் இடம் பதில் சொல்லவில்லை என்றால் வெடி இல்லை. நாலாம் இடம் அவன்தான். தான் வாய் திறக்காதவரை அந்த மலை விழாது என்று நம்பி ஓடினான்.

பெட்டி அளவு கல் ஒன்று அவன் இடுப்புக்குக் கீழே எதையும் மிச்சம் வைக்கவில்லை. தூக்கியவர்கள் சட்டையைக் கழற்றிப் பொட்டலம் கட்டினார்கள். அவன் வலது கையை விரிக்கவே முடியவில்லையாம். அதற்குள் அந்தப் பேட்டரி.

அதைப் பார்த்ததும் லோரிக்காரர்களுக்கு வெறி பிடித்தது. "செட்டே வேலை செய்யல, எவனைக் கேட்டுடா வெடிச்ச?" என்று மலைமேலிருந்து வேலு அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆபீஸ் ஜன்னலுக்கு இருபது அடி தள்ளித்தான் எல்லாம் நடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். அவர் "கிளியர் வந்துச்சுடா, கேட்டுப் பாருங்கடா," என்று அலறினார். ஒருவன் அவர் வாயில் காலால் மிதித்தான். ஒருவன் ஜேக்கி இரும்பைத் தூக்கி, "வெடி வெச்ச கை எது?" என்று கேட்டான். அவருடைய வலது கையைக் கல்மேல் வைத்துப் பிடித்தார்கள். மூன்று தடவை அடித்தார்கள். மூன்றாவது அடிக்கு அவர் சத்தமே போடவில்லை.

நான் வெளியே ஓடி, கிளியர் என்று சொன்னது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவைத் தாழ் போட்டேன்.

அப்போது என் மேசைமேல் இருந்த செட் பேசியது. எல்லாரும் தம் செட்டை எங்கெங்கோ போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். ஒருவர் மட்டும் லோரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் அமுக்குனேன்." சூசை அண்ணனின் குரல். பின்னால் எஞ்சின். "நாலுக்கு நான்தான் அமுக்குனேன், பிள்ள. பேரு ஏறிடும்னு அமுக்குனேன். என் தம்பி ஒன்னும் சொல்லல. வேலண்ணன விடச் சொல்லு. எழுதிக்க. நான்தான் அமுக்குனேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பத்தொன்று. பேனா என் கையில் இருந்தது. நான் எழுதவில்லை.

4

ஐந்தாவது நாள் விசாரணை. அரசாங்க அதிகாரி ஒருவரும் இரண்டு போலீஸ்காரர்களும் ஆபீசுக்கு வந்தார்கள். தவுக்கே நோட்டை அதிகாரி முன் விரித்து வைத்தார். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். "யார் எழுதியது? நல்ல கையெழுத்து," என்றார். என் முதுகு நிமிர்ந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நிமிர்ந்தது.

சூசை அண்ணன் சுவரோரம் நின்றார். ஐந்து நாள் தாடி. தம்பியைப் புதைத்த மண் நகத்தில் இருந்தது. அவர் தனக்குத் தெரிந்த மலாயில், நாலாம் இடத்துக்காகத் தட்டியது தான்தான் என்று சொன்னார். அதைச் செட்டிலும் சொன்னதாகச் சொன்னார்.

அதிகாரி என்னைக் கேட்டார். "நாலாம் இடத்திலிருந்து பதில் வந்ததா?"

"வந்தது, சார். நோட்டில் இருக்கிறது."

"இவர் வயர்லெஸ்ஸில் ஏதாவது சொன்னாரா?"

"அப்படி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பேன்."

நல்ல ஆங்கிலம். ஒரு தடுமாற்றம் இல்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஜெயில் பயமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று: அந்த நோட்டில் ஒரு வரி பொய் என்றால் எல்லா வரியும் பொய். பால்மரம் வெட்டியவனின் மகள் எழுதிய முதல் புத்தகம் அது. அதில் அடித்தல் விழ நான் சம்மதிக்கவில்லை.

அதிகாரி இப்படி எழுதிக்கொண்டார்: காவலாள் பாதுகாப்பு என்று பதில் சொல்லிவிட்டு, தன் கவனக்குறைவால் தானே வெடி எல்லைக்குள் நுழைந்தான்.

"பேட்டரி அவன் கையில இருந்துச்சு சார்," என்றார் சூசை. "பேட்டரி இல்லாத செட்டுல எப்படிப் பதில் சொல்லுவான்?"

"பதில் சொன்ன பிறகு கழற்றியிருக்கலாம்," என்றார் தவுக்கே.

சூசை அண்ணன் என்னிடம் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு விளங்காதது. கெஞ்சினார். "மகேசு, ஒனக்குக் கேட்டுச்சு லா. நான் பேசுனது ஒனக்குக் கேட்டுச்சு. என்னையப் புடிச்சு உள்ள போடட்டும். எங்கம்மா தலை நிமிந்து கோயிலுக்குப் போவணும் பிள்ள. அவன் மேல பழி வேணாம். ஒரு வரி எழுது."

"நான் எழுதுனது எழுதுனதுதான்," என்றேன். பிறகு, அதிகாரி முன்னால் என்னைப் 'பிள்ள' என்று கூப்பிட்டது பொறுக்காமல், ஒன்று கூடச் சொன்னேன். "எழுதத் தெரியாதவங்க எனக்குச் சொல்லித் தர வேணாம்."

அவர் அறைந்தார். முழுக் கையையும் வீசி, இடது காதோடு சேர்த்து. நான் இரும்பு அலமாரியில் மோதிக் கீழே விழுந்தேன். விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி, அதே காதில் இன்னும் இரண்டு தடவை. காதுக்குள் ஏதோ கிழிந்தது தெரிந்தது. போலீஸ்காரர்கள் தடியால் அவரை அடித்துத்தான் பிரித்தார்கள். தரையில் கிடந்து, வாயில் ரத்தத்தோடு, "கேட்டுச்சு, இவளுக்குக் கேட்டுச்சு," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அரசு அதிகாரி முன்னால் ஒரு பெண்ணை அடித்ததற்காக அவருக்கு ஒன்பது மாதம் சிறை. வேலு அண்ணனின் கையை உடைத்தவர்கள் யார் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கையால் அவர் அதற்குப் பிறகு ஒரு தம்ளரையும் பிடித்ததில்லை.

இதோடு போகவில்லை. என் அப்பா, நான் சொன்னது உண்மை என்று நம்பி, தோட்டத்தில் எங்களோடு இருந்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கோப்பெங்குக்குப் போனார். சூசை அண்ணன் வீட்டுச் சட்டி பானைகளைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். உள்ளே இருந்தது செபமாலை அம்மா மட்டும். சூசைக்கும் அந்தோணிக்கும் தாய். ஒரு மகன் மண்ணுக்குள், ஒரு மகன் சிறையில். அப்பா திரும்பி வந்து பெருமையாகச் சொன்னார்: "என் மவ மேல கை வெச்சவன் வீட்டுல ஒரு பானை கூட மிச்சமில்ல." நான் அப்போது காதில் பஞ்சோடு படுத்திருந்தேன். வலது பக்கம் படுத்து, கேட்காத காதை அவர் பக்கம் வைத்துக்கொண்டேன்.

5

பாகான் செராய்க்காரரான என் கணவர் இங்கே ஆண் நர்ஸ். கல்யாணமாகி நான் வந்து ஐந்து ஆண்டு ஆகிறது. மகளுக்கு நாலு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அதுகூடப் பரவாயில்லை, இப்போது பதிலே சொல்வதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறாள். டெரெக் மைக்கை உடைத்த அன்று சாயங்காலம், "பால் குடிச்சியா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. போய் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். ஏன் அவ்வளவு வேகமாகக் குலுக்கினேன் என்று தெரியவில்லை. அவள் தலை பொம்மைத் தலை மாதிரி முன்னும் பின்னும் ஆடியது.

"வாயால சொல்லு. வாயால சொல்லு."

"தலை ஆட்டினேனே மம்மி," என்று ஆங்கிலத்தில் அழுதாள். "நீதான் பார்க்கல."

அவள் தோளில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. 

6

டாக்ஸி ஆபீசை விட்டு, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் சேர மனுப் போட்டிருந்தேன். எழுத்துத் தேர்வில் முதல் ஆளாக வந்தேன்; வெள்ளைக்காரப் பெண்கள் பதினாறு பேரோடு எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு மருத்துவச் சோதனை. வலது காது நன்றாக இருக்கிறது, ஒரு காதே இந்த வேலைக்குப் போதும் என்றார்கள். மருத்துவச் சோதனைப் பாரத்தைப் பூர்த்தி செய்யும் அம்மா என் பழைய குடிநுழைவுக் கோப்பை எடுத்துப் பார்த்தார்.

"இடது காது கேளாமை. காரணம், சிறு வயதில் வந்த காய்ச்சல் என்று இருக்கிறது. அப்படியே எழுதிவிடட்டுமா?"

இந்த நாட்டுக்கு வரும்போது நான்தான் அப்படி எழுதினேன். அது என் இரண்டாவது பொய் நோட்டு. அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினால் போதும்.

"நானே எழுதித் தருகிறேன்," என்று பாரத்தை வீட்டுக்கு வாங்கி வந்தேன். அது இரண்டு நாளாக மேசைமேல் கிடந்தது.

நேற்று அப்பாவின் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் எழுதிக் கொடுப்பான். குவாரியில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இப்போது பாடம் எடுக்கிறார்களாம். செட்டில் பதில் சொல்லிவிட்டுச் சாவில் போய் விழாதே, அந்தோணி மாதிரி ஆகாதே என்று சொல்கிறார்களாம். பசங்களுக்குள் அது கேலிப் பேச்சாகவும் ஆகிவிட்டதாம். எவனாவது எதையாவது மறந்தால், 'போடா அந்தோணி'. அப்பா இதைச் சிரிப்புச் செய்தியாகத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். அதன் கீழே வேறு செய்தியாக ஒரு வரி: செபமாலை கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டதாகக் கேள்வி.

வாசித்து முடித்துப் பாரத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: அடிக்கப்பட்டதால். அடித்தவர் உண்மையைச் சொன்னார், நான் மறுத்தேன். இந்த விவரத்தோடு அந்த வேலை கிடைக்குமா என்று தெரியாது. விசாரணை நடத்திய அரசாங்க அலுவலகத்துக்கு நடந்தது முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர்கள் அதை வாசிப்பார்களோ, கோப்புக்குள் போடுவார்களோ. அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். அப்பாவுக்கு இது போய்ச் சேரும். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் சான்றிதழின் கண்ணாடிச் சட்டத்தை அவர் கழற்றிவிடலாம்.

கோப்பெங்கில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். செபமாலை அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது இந்தப் பத்திரிகையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மேலே உள்ளதெல்லாம் வேண்டாம். அது என் கதை. கீழே இருக்கும் இரண்டு வரிகளை மட்டும் அவர் முன்னால் உட்கார்ந்து வாசியுங்கள். சூசை அண்ணன் இருந்தால் அவரும் கேட்கட்டும். கண்ணால் ஓட்டாதீர்கள். வாய்விட்டு வாசியுங்கள்.

பகல் 12.28. நாலாம் இடம்: பதில் இல்லை.

பகல் 12.41. லோரிச் சாலை, சூசையின் குரல்: "நான்தான் அமுக்குனேன். என் தம்பி ஒன்னும் சொல்லல." கேட்டவள், மகேஸ்வரி.